மலம் அடங்காமையும் நரம்புத் தூண்டலும்

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்து, இடக்கரடக்கலை அவற்றுள் முதலில் வைத்தார். கால் கழுவி வருதல், கொல்லைக்குப் போதல் என்பன அவ்வகையின. அவையில் நாகரிகம் காக்கும் இம்மரபு, மருத்துவர் முன்னிலையில் தீங்காய் முடிதலும் உண்டு. மலத்தை அடக்க இயலாதவர் 'வயிறு சரியில்லை' என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடுகின்றார். பினாங்குச் சூலியா தெருவில் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவருக்கு இந்நோய் வருமாயின், முதலில் நெடுந்தொலைவுப் பயணம் நிற்கும். பின்னர்க் கோயிலும் திருமண வீடும் நிற்கும். காரணத்தை வீட்டாரும் அறியார்.

இதனை முதுமையின் இயல்பென்று விட்டுவிடுதல் தவறு. குதவாயைச் சூழ்ந்து இரு வளையத் தசைகள் உள்ளன. உள்வளையம் தானே இயங்குவது. வெளிவளையம் நம் விருப்பிற்கு அடங்குவது. மகப்பேற்றின்போது தசை கிழிதலாலோ, நீரிழிவாலும் முதுகுத்தண்டு ஊறுபாட்டாலும் நரம்பு கெடுதலாலோ இவ்வடக்கம் குலைகின்றது. உணவு மாற்றம், மருந்து, இடுப்படித் தசைப் பயிற்சி ஆகியவையே முதற்கண் செய்யத்தக்கன. அவை பயன்படாதபோதுதான் நரம்புத் தூண்டலைப் பற்றிய பேச்சு எழும்.

முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பின் துளைகள் வழியே வரும் நரம்புகளே இப்பகுதியை ஆள்வன. அவற்றை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டும் முறை முதலில் சிறுநீர் அடங்காமைக்கே பயன்பட்டது. செருமனியின் எர்லாங்கன் நகரில் மாட்செல் என்பாரும் அவர்தம் குழுவினரும் மலம் அடங்காத மூவருக்கு அதனைச் செய்து, 1995இல் வெளியிட்டனர். அமெரிக்க அரசு இந்நோய்க்கு அதனை ஏற்றது 2011இல். முதலில் சில நாள் வெளிக்கருவியால் சோதிப்பர். பயன் தெரிந்தால் மட்டுமே பிட்டத்தின் மேற்புறத்துத் தோலடியில் கருவியைப் பதிப்பர். தசையை இறுக்குவதால் பயன் விளைகிறதென்று தொடக்கத்தில் எண்ணினர். மூளைக்குச் செல்லும் உணர்வுச் செய்தி மாறுவதே பெருங்காரணம் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து.

அறுவையின்றிக் கணுக்காலருகே ஊசி செருகித் தூண்டும் முறை எளியது; ஆதலின் பலரும் அதனை நம்பினர். பிரிட்டனில் 227 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மெய்த் தூண்டலும் மற்றவர்க்குப் போலித் தூண்டலும் வாரம் ஒரு முறையாக 12 வாரம் அளித்தனர். மலக்கசிவு பாதியாகவேனும் குறைந்தோர் முன்னவருள் 38 விழுக்காடு, பின்னவருள் 31 விழுக்காடு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. 2015இல் வெளிவந்த இம்முடிவு பலருக்கு ஏமாற்றமே. எனினும் போலித் தூண்டலை ஒப்பிட்டுப் பார்த்திராவிடின், வீண் செலவொன்று வழக்கமாகியிருக்கும்.

அமெரிக்காவின் அகஸ்டா நகரில் சதீஷ் ராவ் குழுவினர் ஊசியுமின்றி, முதுகின் கீழ்ப்பகுதியில் காந்தத் துடிப்புகளைச் செலுத்திப் பார்த்தனர். 2021இல் வெளியான அவ்வாய்வில் நொடிக்கு ஒரு துடிப்பே, ஐந்தையும் பதினைந்தையும் விட மிகுந்த நலம் தந்தது. ஆனால் ஆராயப்பட்டோர் 33 பேரே. போலிப் பிரிவும் அதில் இல்லை. கணுக்கால் முறைக்கு வைத்த சோதனையை இதுவும் கடந்தாக வேண்டும்.