செல்ஃப் எடுக்காத பைக்

பைக் கிளம்ப மறுக்கும்போது செல்ஃப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் சுற்றுகிறதா என்று முதலில் கவனிக்க வேண்டும். வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பெட்ரோல், காற்று, பிளக்கின் பொறி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று போய்ச் சேரவில்லை. சுற்றவே இல்லை, அல்லது இரண்டு முறை முக்கிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறுதான்.

மின்சாரம் போகும் வழிகள் இரண்டு. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தடித்த வயர் ஒன்று ஸ்டார்ட்டர் ரிலேவுக்கும் அங்கிருந்து செல்ஃப் மோட்டாருக்கும் போகிறது. எஞ்சின் உடல் வழியாக எர்த் வயரில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. மோட்டார் சுற்றும் சில நொடிகளில் இந்த வழியில் பாய்வது பல பத்து ஆம்பியர். இன்னொரு வழி மெல்லியது. மெயின் பியூஸ், சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், செல்ஃப் பொத்தான், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் என்று பலவற்றைக் கடந்து வந்து ரிலேவை இயக்குவதுதான் அதன் வேலை. இரண்டில் எது அறுந்திருக்கிறது என்று தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

அதைச் சொல்வது ரிலேவின் சத்தம். பொத்தானை அழுத்தும்போது சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்கு உள்ளேயோ ‘டிக்’ என்று கேட்க வேண்டும். எந்தச் சத்தமும் இல்லை என்றால் மெல்லிய வழியில்தான் தடை, அல்லது பேட்டரி அடியோடு காலி. ‘டக டக டக’ என்று விடாமல் அடித்துக்கொண்டால் பேட்டரியில் தெம்பு இல்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு ‘டிக்’ கேட்டு மோட்டார் அசையவில்லை என்றால் ரிலேயின் உள்முனைகள், மோட்டாரின் கார்பன் பிரஷ், எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால் அது மின்கோளாறே இல்லை. இரண்டையும் பிணைக்கும் ஒன்-வே கிளட்ச் தேய்ந்திருக்கும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட், நியூட்ரல் விளக்கு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நிறுத்தியிருந்த வண்டியில் யாரோ விளையாட்டாகத் தட்டிவிட்ட கில் சுவிட்சால் மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டு போனவர்கள் ஏராளம்.

அடுத்து பேட்டரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இதற்குப் போதும். ஓடாமல் சில மணி நேரம் நின்றிருந்த வண்டியில் நல்ல 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் குறைவு. 12 என்றால் ஏறக்குறைய காலி. ஆனால் இந்த ஓய்வு நிலை அளவை மட்டும் நம்பி ‘பேட்டரி நல்லா இருக்கு’ என்று முடிவுகட்டுவதுதான் பலரும் வழி தவறும் இடம். உள்ளே தகடுகள் சல்பேட் படிந்து இறுகிப்போன பேட்டரிகூட சும்மா இருக்கையில் 12.6 காட்டும், சுமை ஏறிய மறுகணம் சரிந்துவிடும். ஆகவே மீட்டரை டெர்மினலில் வைத்தபடியே செல்ஃபை அழுத்திப் பார்க்க வேண்டும். சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் நின்றால் பேட்டரி தேறிவிட்டது. 8, 7 என்று விழுந்தால் முழுதாக சார்ஜ் செய்து மறுபடி சோதிக்கலாம். அப்போதும் விழுந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பேட்டரி தேறியும் மோட்டார் சோம்பினால் மின்சாரம் வழியில் எங்கோ வீணாகிறது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது, செய்பவர்கள்தான் குறைவு. மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரின் வயர் திருகிலும் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே அளவைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வழி சுத்தம். அதற்கு மேல் காட்டினால் ரிலேயிலோ வயர் முனையிலோ தடை இருக்கிறது. அதேபோல் எஞ்சின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் எர்த் பக்கத்தின் நிலை தெரியும்; அங்கே கால் வோல்ட்டைத் தாண்டக் கூடாது. புது பேட்டரி, புது மோட்டார் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்தும் தீராத கோளாறு, துருப்பிடித்த எர்த் போல்ட் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் தீர்ந்துவிடுவது உண்டு. கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். சமையல் சோடா கரைத்த நீரில் துடைத்து, காயவிட்டு, முடுக்கி, மேலே வாசலின் தடவினால் நெடுநாள் தாங்கும். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். வரிசை மாறினால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டதும் தீப்பொறி பறக்கும்.

சாவி போட்டும் மீட்டர் விளக்கே வரவில்லை என்றால் பியூஸ். பெரும்பாலான வண்டிகளில் மாற்றுப் பியூஸ் அதன் பக்கத்திலேயே இருக்கும். பொதுவாக 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். ஒருமுறை போனால் மாற்றலாம். மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ வயர் தோலுரிந்து சட்டத்தில் உரசுகிறது: ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி, சீட்டின் அடி, எலி கடித்த இடம் என்று தேட வேண்டும். பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ சுற்றி ஓட்டுவது வயரிங் கிட்டையே, சில வேளை வண்டியையே எரித்துவிடும் காரியம்.

பியூஸ் நன்றாக இருந்தும் ரிலே சத்தம் வரவில்லை என்றால் வழியிலுள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மீட்டரின் ‘பீப்’ நிலையில் சோதிக்கலாம். அதிகம் ஏமாற்றுவது சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். சேறும் தண்ணீரும் படும் இடத்தில் அது இருப்பதே காரணம். சோதனைக்காக அதைத் தற்காலிகமாக இணைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அப்படியே விட்டுவிட்டால், ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பும் ஒருவர் முதல் இடது வளைவில் விழுவார்.

எஞ்சின் சுற்றியும் பற்றவில்லை என்றால் பொறியைப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, மூடியோடு மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சினில் நன்றாகப் படும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துச் சுற்ற வேண்டும். துளையிலிருந்து வெளிவரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும் என்பதால் இந்தத் தூரம் முக்கியம். பிளக்கைக் கையில் பிடிக்கவே கூடாது. அங்கே வருவது பல ஆயிரம் வோல்ட். நீலமாகப் படபடவென்று பொறி வந்தால் நல்லது. மங்கிய மஞ்சளாக வந்தாலோ வராமலே போனாலோ பிளக், பிளக் மூடி, காயில், பல்சர் காயில் என்று வரிசையாகப் போக வேண்டும். பொறியின் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. யூனிட்டைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். விலை அதிகம், அதைவிட, அது பழுதாவது மற்றவற்றைப் போல அடிக்கடி நடப்பதில்லை.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகள் கார்புரேட்டரை விட்டு எஃப்.ஐ.க்கு (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) மாறிவிட்டன. இவற்றில் பெட்ரோலை அனுப்புவதும் மின்சார பம்புதான். சாவி போட்டதும் டேங்கிலிருந்து இரண்டு மூன்று நொடி ‘ங்ங்’ என்ற முனகல் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்பின் பியூஸ், ரிலே, கப்ளர் பக்கம் திரும்பலாம். பேட்டரி இல்லாமலே கிக்கரில் கிளம்பிய பழைய வண்டிகளின் பழக்கம் இங்கே பெரும்பாலும் செல்லாது. பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் பல வண்டிகளில் எவ்வளவு தள்ளினாலும் பம்பும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு.வும் உயிர்பெறாது. வண்டி கீழே விழுந்து எழுந்தபின் கிளம்பவில்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை. சாய்வு சென்சார் எஞ்சினை நிறுத்தியிருக்கும். சாவியை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். 2015, 2023 டிசம்பர் சென்னை வெள்ளங்களில் நடந்ததுபோலத் தண்ணீரில் மூழ்கிய வண்டிக்கு மட்டும் சாவியே போடக் கூடாது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, கப்ளர்களைத் திறந்து உலர்த்தி, எஞ்சினுக்குள் தண்ணீர் இல்லை என்று உறுதி செய்த பிறகே அடுத்தது.

வண்டி கிளம்பிய பிறகு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது: பேட்டரி ஏன் இறங்கியது? எஞ்சினைச் சற்று முறுக்கிப் பிடித்து அளந்தால் டெர்மினலில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 13-ஐத் தொடவில்லை என்றால் மேக்னெட் காயிலோ ஆர்.ஆர். யூனிட்டோ (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) பழுது. 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. புது பேட்டரியும் வெந்துபோகும். சார்ஜ் சரியாக இருந்தும் இரவில் இறங்கினால், சாவியை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். செல்ஃபை மட்டும் அப்போது அழுத்திவிடக் கூடாது, மீட்டர் போய்விடும். சில மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால், பிறகு மாட்டிய அலாரம், மொபைல் சார்ஜர், கூடுதல் விளக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். எதைப் பிரித்ததும் அளவு விழுகிறதோ அதுதான் திருடன். அதன் வயரை பேட்டரியில் நேரடியாக மாட்டாமல், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும்படி தனிப் பியூஸோடு மாற்றிக் கொடுத்தால் அந்தக் கசிவு நின்றுவிடும்.