தாதியரின் தேகசுகம்

கரிசல் சீமையில் ஒருவனுக்குச் சித்தம் கலங்கினால் வீட்டார் முதலில் கோயிலுக்கோ தர்க்காவுக்கோ அழைத்துப் போகிறார்கள். வைத்தியரிடம் போவது பிறகுதான். இதற்காக நாம் அவர்களைப் பரிகசிக்க மாட்டோம். கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். தீப்பெட்டி ஆபீஸில் ஒரு நாள் கூலியை இழந்தல்லவோ போய்வர வேண்டும்!

2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட வழியில்லை. மாண்டவர் 28 பேர். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் நோயாளிக்குச் சங்கிலியிடுவதையே விலக்கிவிட்டது. மிகவும் நன்று. ஆனால் சங்கிலி போன பிறகு இராக் காவல் யார் கையில் வந்தது என்று எவரேனும் கேட்டதுண்டா? தாதியர் கையில்தான்.

மற்ற வார்டுகளில் நோயாளி உறங்கினால் தாதிக்குச் சற்று ஓய்வு உண்டு. மனநோய் வார்டிலோ, உறங்குவதுபோல் கிடப்பவன் உயிரை மாய்த்துக்கொள்ள நேரம் பார்த்திருக்கலாம். அவனைக் கண்ணிமைக்காது பார்க்க வேண்டும். அதே வேளையில் மற்றொருவன் வசையைப் பொறுக்க வேண்டும். மருந்தை விழுங்காமல் கன்னத்தில் அடக்கியவனிடம் நயமாகப் பேச வேண்டும். விடிந்து வீடு திரும்பினால் தூக்கம் வருவதில்லை. தலைவலியும் படபடப்பும் வருகின்றன. அடிபட்டாலும் வெளியே சொல்வதில்லை. மருத்துவ ஊழியரைத் தாக்குவோரைத் தண்டிக்க நமது மாகாணத்தில் 2008-ல் சட்டம் செய்தார்கள். சித்தம் கலங்கியவன் செய்தது குற்றமாகாது என்பது வக்கீல்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. நோயாளியைக் கூண்டில் ஏற்றத் தாதியும் விரும்புவதில்லை. எனவே அவளுக்குள்ள பாதுகாப்பு சட்டப் புத்தகத்தில் இல்லை. பக்கத்தில் நிற்கும் இரண்டாவது ஆளிடம் இருக்கிறது. அந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

2015 முதல் சர்க்கார் தேர்வெழுதிச் சேர்ந்த தாதியர்க்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்கை நம்பியிருந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை வீதிக்கு வர நேர்ந்தது. பிற்பாடு ஊதியம் உயர்ந்தது மெய்யே. ஆயினும் நாளை வேலை உண்டோ இல்லையோ என்ற கவலையுடன் பிறர் மனக்கவலையை ஆற்றச் சொல்வது என்ன நியாயம்?

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1977-லேயே தாதியரின் வேலை நேரம், வார ஓய்வு முதலியவற்றுக்கு உடன்படிக்கை வகுத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? மனநோய் வார்டில் இரவு வேலைக்குத் தனியாக ஒரு தாதியை நிறுத்துவதில்லை என்று ஓர் உத்தரவு போதும். அதற்கு ஆகும் செலவுக் கணக்கை ஆரோக்கிய மந்திரி சட்டசபையில் வைக்கட்டும்; நாமும் பார்க்கிறோம்.