குஞ்சு ஈனும் வண்ண மீன்கள்

மீன் என்றால் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது என்று நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். எங்கள் குளங்களில் வாழும் விராலும் கெண்டையும் கெளிறும் அவ்வாறே செய்கின்றன. ஆயினும் இயற்கை எந்த விதிக்கும் ஒரு விலக்கை வைத்திருக்கிறது. கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை முட்டையை நீரில் இடுவதில்லை. முட்டை தாயின் வயிற்றினுள்ளேயே கருக்கொண்டு, பெரும்பாலும் தன் மஞ்சட் கருவையே உணவாகக் கொண்டு வளர்ந்து, உருவம் நிறைந்த குஞ்சாக வெளிவருகின்றது. பிறந்த சற்று நேரத்திலேயே நீந்தவும் இரை தேடவும் அது வல்லது.

இவற்றுள் கப்பியே எளிதிற் கிடைப்பது. தொடக்கக்காரர்க்கு ஏற்றதும் அதுவே. தென்னமெரிக்காவின் வடகரையும் திரினிடாட் முதலிய அயற்றீவுகளும் அதன் தாயகம். 1859 ஆம் ஆண்டில், வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு வில்ஹெல்ம் பீற்றர்ஸ் என்னும் ஜேர்மானிய விலங்கியலறிஞர் இதனை முதன்முதல் விவரித்தார். 1866 இல் றொபேட் ஜோன் லெச்மியர் கப்பி என்பவர் திரினிடாட்டிலிருந்து இலண்டன் நூதனசாலைக்குச் சில மீன்களை அனுப்பினார். அங்கிருந்த அல்பேட் குந்தர் அவற்றைப் புதிய இனமெனக் கருதி, அனுப்பியவரின் பெயரையே சூட்டிவிட்டார். அறிவியற் பெயர் பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் வழக்குப் பெயர் மாறவில்லை. முதலில் விவரித்தவரை உலகம் மறந்து, பொதி கட்டி அனுப்பியவரை நினைவில் வைத்திருப்பது வேடிக்கைதான்!

நுளம்புக் குடம்பிகளை உண்ணும் என்பதனால் இம்மீன் கீழைத் தேசங்களுக்கும் கொண்டுவரப்பட்டது. இலங்கையிலிருந்து வெளிநாடு செல்லும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பியே பெரும்பங்கு வகிக்கிறது.

வன்னியின் பல பகுதிகளில் கிணற்று நீர் கடின நீராகும். கேத்திலின் அடியில் வெண்மையாகப் படிவதும், சவுக்காரம் நுரைக்க மறுப்பதும் இல்லத்தரசியர் அறிந்த தொல்லைகள். ஆனால் அந்தக் கல்சியம் கரைந்த நீரே கப்பிக்கும் மொலிக்கும் உவப்பானது. எனவே நீரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிணற்றுக்குக் குளோரீன் இட்ட நாட்களில் மட்டும், நீரை ஓரிரு நாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்த பின்னரே தொட்டியில் ஊற்றுக.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஏறக்குறைய 50 லீற்றர் நீர் கொள்ளும். ஓர் ஆண் மீனுக்கு இரண்டு மூன்று பெண் மீன்கள் என்ற அளவில் இருந்தால் ஆணின் துரத்தலால் பெண் களைத்துவிடாது. தொட்டியை வெயில் படும் யன்னலோரம் வைத்தல் கூடாது. 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பமே இவற்றுக்கு இதமானது. எங்கள் சித்திரை வைகாசி வெயிலோ அதனை எளிதிற் கடந்துவிடும். வளவில் மாமர நிழலில் வைத்த சீமெந்துத் தொட்டி, வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியை விட மீனுக்கு நல்ல வீடு என்பது என் கருத்து. பார்ப்பவர்க்கு அழகு குறைவு, அவ்வளவே.

கருவுற்ற பெண் மீனின் வயிற்றின் பின்புறத்தில் ஒரு கரும்புள்ளி தோன்றி நாளுக்கு நாள் பெருகும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் குஞ்சுகள் பிறக்கும். ஓர் ஈற்றில் இருபது, முப்பது, சில வேளை அதனினும் மிகுதி. இங்கேதான் தாய்மை பற்றிய நமது இலக்கணம் பொய்த்துப் போகிறது. ஈன்ற தாயே தன் குஞ்சுகளை இரையென எண்ணி விழுங்கும்! கொடிபோல் வளரும் குளத்துப் பாசியை நன்கு கழுவி அடர்த்தியாக இட்டால் குஞ்சுகள் அதனுள் ஒளிந்து தப்பும். அவித்த முட்டையின் மஞ்சட் கருவைத் துணியில் வைத்து நீரில் அலசி ஊட்டலாம். ஆனால் கடுகளவுக்கு மேல் வேண்டாம். மிஞ்சிய இரை அழுகி நீரைக் கெடுப்பதே பட்டினியை விட அதிகமான குஞ்சுகளைக் கொல்கிறது.

சுமார் ஒரு மாதத்தில் ஆண் குஞ்சை அடையாளங் காணலாம். அதன் வயிற்றின் பின்புறச் செட்டை ஒடுங்கிக் குச்சிபோல் நீளும். வாலில் வண்ணமும் அரும்பும். நல்ல வண்ண வரிசையைக் காக்க விரும்புவோர் அப்பொழுதே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். ஏனெனில், ஒரு முறை கூடிய பெண் கப்பி ஆணின் விந்தைத் தன் உடலிற் பல மாதங்கள் சேமித்து வைத்து, ஆண் துணையின்றியே மீண்டும் மீண்டும் ஈனும். கடையில் வாங்கிய பெண் மீன் ஈனும் குஞ்சுகளின் தந்தை யாரென்று கடைக்காரரும் அறியார்.

மாணவர்கள் இதனைக் கேட்டுச் சிரிப்பர். ஆயினும் இதனை வேறொரு கோணத்திலும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொட்டி நிறைந்துவிட்டதே என்று இரக்கங் கொண்ட ஒரு பிள்ளை, ஒரே ஒரு பெண் மீனை வாய்க்காலில் விட்டால் என்னாகும்? அதுவொன்றே ஒரு புதுக் குடியை நிறுவப் போதும். மாரியில் குளங்கள் வான் பாயும்போது வாய்க்காலும் ஆறும் குளமும் ஒன்றாகிவிடுகின்றன. கனகராயன் ஆற்றில் விழுந்தது இரணைமடுவிற்குச் செல்லும். குளத்தின் பெயரையே ஊர்ப் பெயராகக் கொண்ட நாட்டில் இது சிறு செய்தியன்று. 1952 இல் உணவுக்கென இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று எங்கள் குளங்களெங்கும் நிறைந்திருக்கிறது. அது வயிற்றையாவது நிரப்புகிறது. கப்பி அதுவும் செய்யாது. உள்ளூர்ச் சிறுமீன்களோடு இரைக்குப் போட்டியிடுவதே அதன் வேலையாகும். தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் எங்கள் சிறுமீன் ஒன்று பண்டுதொட்டே நுளம்புக் குடம்பிகளை உண்டு வருகிறது. குளத்திற்கு அதுவே போதும்.

கிணற்றின் கதை வேறு. இலங்கையை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு மன்னாரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகுவது. அத்தகைய கிணறுகளில் குடம்பி உண்ணும் மீன்களை இடுவது ஒரு தற்காப்பு முறை. எனவே, மிஞ்சிய கப்பிகள் உள்ளவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு அவரது ஆலோசனைப்படி நடக்கலாம். வீட்டுச் சீமெந்துத் தொட்டிக்கு ஆண் மீன்களை மட்டும் விடுங்கள். அவை குடம்பிகளைத் தின்னும், பெருகா.

தொட்டியைக் கழுவும் நாளில் பழைய நீரை வாழையடியில் ஊற்றலாம். அதில் உரச் சத்து உண்டு. பழைய பாசியையும் வாய்க்காலில் எறியாது வெயிலில் காயவிடுங்கள். நீரை ஊற்றுமுன் ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய குஞ்சு ஒன்றிரண்டு அதில் துள்ளக் காண்பீர்கள்.