முன்பணம் கேட்டு முன்னாள் வாடகைதாரர் வழக்கு: வீட்டு உரிமையாளர் செய்ய வேண்டியது என்ன?

மைசூரு: மைசூருவின் ஹெப்பாள் பகுதியில் தொழிற்பேட்டையும் இன்ஃபோசிஸ் வளாகமும் அமைந்திருப்பதால், பணிக்காகவும் பயிற்சிக்காகவும் வெளியூர்களிலிருந்து வருவோர் வாடகைக்குக் குடியேறுகின்றனர். வீட்டைக் காலி செய்த பின்னர் முன்பணம் திரும்பக் கிடைக்காதபோது அவர்கள் நீதிமன்றத்தை நாட முடியும். அத்தகைய வழக்கில் அழைப்பாணை (சம்மன்) பெறும் வீட்டு உரிமையாளர் பதிலளிக்காமல் இருப்பதே அவருக்குப் பெரும் இழப்பை ஏற்படுத்தும்.

30 நாள் அவகாசம்

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலுரையைத் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருப்பின் நீதிமன்றம் இதனை 90 நாள்கள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேலும் அவகாசம் என்பது மிக அரிதான சூழல்களுக்கே உரியது என 2005-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உரிமையாளர் முன்னிலையாகாவிட்டால் ஒருதரப்புத் தீர்ப்பு வழங்கப்படலாம். அதனை ரத்து செய்யக் கோருவதற்கான காலமும் 30 நாள்களே. வராததற்குப் போதிய காரணத்தையும் நிரூபிக்க வேண்டும்.

பதிலுரையில் இடம்பெற வேண்டியவை

குற்றச்சாட்டுகளைப் பொதுவாக மறுப்பது போதாது. குறிப்பிட்டு மறுக்கப்படாதவை ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படலாம். ஆகவே பெற்ற முன்பணம், வீடு காலியான தேதி, சாவி ஒப்படைக்கப்பட்ட நாள், பிடித்தம் செய்த ஒவ்வொரு தொகைக்குமான காரணம் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட வேண்டும். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், மின் கட்டண ரசீது, பழுதுபார்ப்பு ரசீது, புகைப்படங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். முன்பணத்தைவிட நிலுவை அதிகமெனில், நீதிமன்றக் கட்டணம் செலுத்தி எதிர்க்கோரிக்கை வைக்கலாம்.

எதைப் பிடிக்கலாம்?

இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்லர் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. நாள்பட மங்கிய சுவர் வண்ணம் ஒன்று. உடைக்கப்பட்ட கதவு வேறு. எடுத்துக்காட்டாக, முன்பணம் ரூ.1,00,000; வாடகை நிலுவை ரூ.10,000, மின் கட்டணம் ரூ.1,500, கதவுச் செலவு ரூ.4,500 எனில், மீதி ரூ.84,000-ஐத் திருப்பித் தர வேண்டும். ரூ.16,000-க்காக முழுத் தொகையையும் நிறுத்தி வைப்பதை நியாயப்படுத்துவது கடினம். நீதிமன்றம் வட்டியும் விதிக்கலாம்.

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-ஆம் தேதி ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்தை 2 மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. எனினும் மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும். எனவே இத்தகைய வழக்குகளில் வாடகை ஒப்பந்தமே முதன்மை ஆவணமாகிறது.

சமரசத்துக்கும் வழி

பிணக்கு இல்லாத தொகையை வங்கி வழியாக உடனே செலுத்துவது உரிமையாளரின் நிலையை வலுப்படுத்தும். எஞ்சியதை மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பேசித் தீர்க்கலாம். அங்கு ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கோரலாம்.