திருக்கடையூரிலிருந்து 15 நிமிடத்தில் கடல்... தரங்கம்பாடிக்கு ஒரு குடும்ப ட்ரிப் போடலாமா?

முகூர்த்த நாள் காலையில் திருக்கடையூர் அபிராமி அம்மன் கோயில் பக்கம் போனால் கல்யாணக் கூட்டம் அலைமோதும். மாலையும் கழுத்துமாக நிற்பவர்கள் எல்லோரும் அறுபது, எண்பது வயது மாப்பிள்ளைகள். கலசத் தண்ணீர் தலையில் வழிய வழிய தாத்தா வெட்கப்படுவதை பேரன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பான். பதினொரு மணிக்குப் பந்தி. ஒரு மணிக்கெல்லாம் வேன்கள் ஊரைப் பார்த்துத் திரும்பிவிடும்.

சுமார் 8 கி.மீ. தள்ளி கடல் இருப்பதோ, அந்தக் கரையில் 400 வருடக் கோட்டை ஒன்று நிற்பதோ வேனில் இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் 'போற வழியில ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்' என்று உச்சி வெயிலில் இறங்கி, நாலு செல்ஃபி எடுத்து, 'இவ்ளோதானா?' என்று கிளம்பிவிடுகிறார்கள். தரங்கம்பாடியை மதியம் ஒரு மணிக்குப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இந்த ஊரைப் பார்க்க ஓர் இரவாவது தங்க வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

வெயில் வேண்டும், ஆனால் மண்டையைப் பிளக்கக் கூடாது என்பவர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் உருவானால் டெல்டா கடற்கரைதான் முதலில் பதறும். ரூம் போட்டிருந்தாலும் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில்தான் லீவு என்றால் வேறு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்னப் படகுகள் மட்டும் போய் வரும். வஞ்சிரம் வறுவலை மனதில் வைத்துக்கொண்டு மே மாதம் போனால் ஏமாற்றம்தான், கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். நுங்குக்கும் மாம்பழத்துக்கும் மட்டும் பஞ்சமில்லை.

அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 26. 2004-ல் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமியில் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2020-ல்தான் மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் இந்தக் கரையோர மீனவக் குடும்பங்கள் கடலில் பால் ஊற்றி, பூ தூவி அஞ்சலி செலுத்துகின்றன. பெற்ற பிள்ளையின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா கரையில் உட்கார்ந்திருக்க, பத்தடி தள்ளி நாம் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது. அன்று போகக் கூடாது என்றில்லை. போனால் காலை நேரத்தில் கரையை அவர்களுக்கு விட்டுவிட்டு, கோட்டைக்கோ தெருக்களுக்கோ போய்விடலாம்.

தங்கத் தகட்டில் ஒரு கடிதம்

கோட்டையின் பெயர் டான்ஸ்போர்க். மிளகு வாங்க வந்த டேனிஷ்காரர்கள் 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டு இதைக் கட்டினார்கள். டென்மார்க் அரசருக்கு ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கோட்டைக்குள் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடையாது. 1845-ல் டேனிஷ்காரர்கள் இந்தியாவில் தங்களிடமிருந்த இடங்களை பனிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அதில் இந்த ஊரும் ஒன்று.

கோட்டைக்குள் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. வார விடுமுறை நாள் எது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று திரும்பியவர்கள் நிறைய. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்து முடித்ததும், மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். மாடிப்படி ஏற முடியாத பெரியவர்களுக்குக் கீழ்தளத்தில் நிழலும் காற்றும் உண்டு.

இந்தக் கோட்டையில் நான்கு மாதம் சிறையில் கிடந்தவர்தான் சீகன்பால்கு. ஜெர்மனிக்காரர். டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கினார். வந்தபோது 24 வயதுகூட முழுதாக முடியவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றுக்கொண்டார். மத வேலைக்கு வந்தவருக்கும் வியாபாரத்துக்கு வந்த டேனிஷ் ஆளுநருக்கும் ஒத்துப்போகவில்லை. விளைவு, சிறை.

அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் தாங்காது என்று இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. தமிழின் முதல் அச்சுப் புத்தகமே இதுதான் என்று சிலர் ஆர்வமாகச் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அதற்கு 137 வருடம் முன்பே, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது.

சுவாரஸ்யம் வேறொன்று. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, இங்குள்ள மக்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய நூலை எழுதி ஊருக்கு அனுப்பினார் சீகன்பால்கு. அங்கிருந்தவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். அவர் இறந்து ஏறக்குறைய 150 வருடம் கழித்து, 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. 1719-ல் 36 வயதில் இறந்தவரின் கல்லறை, கிங்ஸ் தெருவில் அவரே கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் இருக்கிறது. வழிபாடு நடக்கும் ஆலயம் என்பதால் ஞாயிறு காலையில் கேமராவோடு நுழைய வேண்டாம்.

கடல் எடுத்துக்கொண்ட கோயில்

கோட்டையிலிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் மாசிலாமணி நாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. இங்குள்ள கல்வெட்டு இந்த ஊரை 'சடங்கன்பாடி' என்கிறது. தரங்கம் என்றால் அலை, எனவே அலைகள் பாடும் ஊர் என்று எல்லோரும் சொல்லும் அழகான விளக்கம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கோயிலின் பழைய கட்டடத்தில் பெரும்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. வழிபாட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அரிப்பைத் தடுக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பாறைகள்தான் வில்லங்கமே. போட்டோவுக்கு அருமையான இடம் என்று தோன்றும். பாசி பிடித்து வழுக்கும், இடுக்குகளில் கால் மாட்டும். கோட்டை, கோயில் ஓரம் குளிக்கும் இடமே கிடையாது. கோயிலையே இழுத்துக்கொண்ட கடல் இது. மணல் இருக்கும் பகுதியில்கூட கணுக்கால் நனைத்தால் போதும். மீனவர்கள் 'இன்னிக்கு இறங்காதீங்க' என்றால் மறுபேச்சு கூடாது.

இன்னொரு விஷயம். 'ஓசோன் காற்று வீசும் பீச்' என்று தரங்கம்பாடியைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தரைமட்டத்தில் ஓசோன் அதிகம் இருந்தால் அது நுரையீரலுக்குக் கெடுதல். ஆஸ்துமா உள்ள தாத்தாவை 'ஓசோன் நல்லது, நல்லா இழுத்து மூச்சு விடுங்க' என்று படுத்த வேண்டாம். நன்றாக இருப்பது சுத்தமான கடல் காற்று, அவ்வளவுதான்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது?

கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும். காலை ஐந்தே முக்காலுக்குக் கரையில் இருந்தால் கோட்டைச் சுவர் மெல்ல மெல்ல மஞ்சளாவதைப் பார்க்கலாம். படகுகள் திரும்பும் நேரமும் அதுவே. மீன் ஏலத்தைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அங்கே வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. ஒரு கிலோ மீனை வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுத்தால் எந்த மீனை எப்படிக் குழம்பு வைப்பது என்று பாடமே நடத்துவார்கள்.

எட்டு மணிக்குள் நகர வாயிலில் தொடங்கி கிங்ஸ் தெருவில் ஒரு நடை. பதினொன்று முதல் மூன்றரை வரை வெளியே தலைகாட்டவே வேண்டாம். கோட்டை முன்பு இருப்பது திறந்த வெளி, ஒதுங்க இடமில்லை. தொப்பி, தண்ணீர், பெரியவர்களுக்கு மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியவை காரில் அல்ல, கையில் இருக்க வேண்டும்.

தங்குவதுதான் கொஞ்சம் சிக்கல். கடலைப் பார்த்த பழைய பங்களாக்களில் அறைகள் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, வாடகை அதிகம். பட்ஜெட் குடும்பங்களுக்குத் திருக்கடையூரிலோ காரைக்காலிலோ லாட்ஜ் போடுவதுதான் புத்திசாலித்தனம். காரைக்கால் சுமார் 15 கி.மீ.தான். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் மது மலிவு. ஆனால் பாட்டிலோடு எல்லை தாண்டினால் சோதனைச்சாவடியில் குடும்பத்தோடு நிற்க வேண்டிவரும்.

இரண்டாம் நாள் கையில் இருந்தால் வடக்கே போவதா, தெற்கே போவதா என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடத்திக்கொள்ளுங்கள். வடக்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில் பூம்புகார். கண்ணகி கதையைச் சிற்பங்களாகச் சொல்லும் சிலப்பதிகாரக் கலைக்கூடமும், காவிரி கடலில் கலக்கும் இடமும் இருக்கின்றன. தெற்கே போனால் காரைக்கால் அம்மையார் கோயில். ஆனி பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், பிடிக்கக் கீழே கூட்டம் காத்திருக்கும். இன்னும் கொஞ்சம் போனால் நாகூர் தர்கா. அதன் ஐந்து மனோராக்களில் மிக உயரமான 131 அடி மனோராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். வெளியே வந்ததும் இறால் வைத்துப் பொரித்த 'வாடா'வைச் சுடச்சுட வாங்கிச் சாப்பிடலாம்.

சென்னையிலிருந்து வருபவர்கள் ரயிலில் மயிலாடுதுறை வந்து, அங்கிருந்து திருக்கடையூர் வழியாகப் பொறையாறு போகும் பஸ்ஸில் ஏறலாம். சுமார் 30 கி.மீ. காரில் என்றால் சிதம்பரம், சீர்காழி வழியாக ஏறக்குறைய 280 கி.மீ., நடுவில் காபிக்கு நிறுத்தினால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மணிவிழாவுக்கு வருகிறவர்கள் ஐயரிடம் தேதி குறிக்கும்போதே அடுத்த நாள் காலைக்கும் சேர்த்து வேன் பேசிவிடுங்கள். கல்யாணம் முடிந்த பிறகு டிரைவரிடம் கேட்டால் 'அடுத்த சவாரி இருக்கு சார்' என்றுதான் பதில் வரும்.