1012 ஆவணி எந்த ஆண்டு?

தாமிரபரணிக் கரை ஊர்களின் பழைய ஓலைப் பத்திரங்களில் தேதி பெரும்பாலும் கொல்லம் ஆண்டில் இருக்கும். ‘கொல்லம் 1012 ஆவணி மாதம் 5ந் தேதி’ என்று எழுதிய ஓர் ஓலை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதைக் கைபேசிச் செயலி ஒன்றில் ஏற்ற வேண்டும். கணினிக்கு அது தேதி அல்ல, வெறும் எழுத்துச் சரம். சரத்தைப் பிரித்துப் படித்து, நாள் கூட்டவும் கழிக்கவும் முன்பின் வரிசைப்படுத்தவும் தோதான தேதியாக ஆக்குவதை நிரலாளர்கள் ‘பார்சிங்’ என்கிறார்கள்.

கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது. ஆனால், புத்தாண்டு பிறக்கும் மாதம் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. திருநெல்வேலிச் சீமையிலும் தென் மலபாரிலும் அது ஆவணி. வட மலபாரில் புரட்டாசி. ஆக, 1012 ஆவணி நெல்லைக் கணக்கில் ஆண்டின் முதல் மாதம், அதாவது 1836 ஆகஸ்ட். வட மலபார்க் கணக்கில் அதுவே கடைசி மாதம், 1837 ஆகஸ்ட். எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, விடையில் முழுதாக ஓர் ஆண்டு தள்ளிப் போகிறது. அடமானக் கெடுவோ வட்டியோ அந்த ஓலையில் இருந்தால் இந்த ஓர் ஆண்டு சின்ன விஷயமா?

இன்றைய செயலிகளிலும் சிக்கல் இதேதான். 03/04/2025 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. எந்த ஊர் வழக்கு என்பதைச் சொல்லும் அமைப்புக்கு ‘லொகேல்’ என்று பெயர். அதைச் சொல்லாமல் விட்டால் கைபேசி தன் உரிமையாளரின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். பௌத்த நாள்காட்டியில் வைத்திருக்கும் ஐபோனில் 2025 என்ற எண் பௌத்த ஆண்டாகப் படிக்கப்பட்டு கி.பி. 1482 ஆகிவிடக்கூடும். சர்வரிலிருந்து வரும் தேதிகளைப் படிக்கும்போது ‘போசிக்ஸ்’ என்ற மாறாத லொகேலைக் குறிப்பிடுங்கள் என்று ஆப்பிள் நிறுவனம் நிரலாளர்களுக்குச் சொல்வது இதற்காகத்தான்.

தவறு வெளியே தெரிந்தால்கூடப் பரவாயில்லை. ஆண்ட்ராய்டின் பழைய ‘சிம்பிள்டேட்ஃபார்மேட்’ இயல்பிலேயே தாராள மனம் கொண்டது. 25/12/2024 என்ற கிறிஸ்துமஸ் நாளை ‘முதலில் மாதம், பிறகு நாள்’ என்று படிக்கச் சொன்னால் மறுக்காது. 25ஆவது மாதமா, சரி என்று இரண்டு ஆண்டுகளைத் தாண்டி, 2026 ஜனவரி 12 என்று கொண்டுவந்து கொடுக்கும். ஐபோனின் ‘டேட்ஃபார்மேட்டர்’ அதே சரத்துக்கு விடையே தராது. எனக்கு இரண்டாவதுதான் நம்பிக்கையானது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் கருவியை வைத்து வேலை செய்யலாம்.

ஓலை எழுதிய கணக்கர்கள் இதற்கு ஒரு காப்பு வைத்திருந்தார்கள். கொல்லம் எண்ணோடு அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரையும் சேர்த்து எழுதுவது வழக்கம். 1836 ஆவணி துர்முகி, 1837 ஆவணி ஹேவிளம்பி. பெயர் இருந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. கிழமையும் திதியும் நட்சத்திரமும் இருந்தால் நாளையே உறுதிசெய்துவிடலாம். கல்வெட்டுத் தேதிகளை இப்படிச் சரிபார்ப்பதற்காகவே எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரையிலான நாட்களுக்குக் கணித்த அட்டவணைகள் 1922இல் பல தொகுதிகளாக வெளிவந்தன. கணிப்பொறி பிறக்காத காலத்தில் நடந்த அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

நாள்காட்டி ஆண்டு வேறு, கணக்கு ஆண்டு வேறு என்ற நிலை இன்றும் மாறிவிடவில்லை. கிராம அடங்கலில் பசலி ஆண்டுதான். அது ஜூலை 1இல் பிறக்கும். பசலி 1435 என்றால் 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை. நிரலிலும் இப்படி இரண்டு உண்டு. ஆண்டைக் குறிக்கும் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைச் சிறியதாகப் போட்டால் நாள்காட்டி ஆண்டு, பெரியதாகப் போட்டால் வாரக் கணக்கின் ஆண்டு. பெரிய எழுத்தைப் போட்டால் 2019 டிசம்பர் 30 திரையில் 2020 டிசம்பர் 30 என்று வந்து நிற்கும். வருடம் முழுக்கச் சரியாக ஓடும் செயலி, ஆண்டு மாறும் அந்தச் சில நாட்களில் மட்டும் தப்பும். சோதனையில் அகப்படுவதும் அரிது.

ஓலைகளையும் அடங்கல்களையும் மின்மயமாக்கும் எவரும் மூன்றைச் சேர்த்துச் சேமிப்பது நல்லது: மூலத்தில் எழுதியபடியே சரம், அதைப் படித்த முறையின் பெயர், ஐஎஸ்ஓ 8601 முறையில் 1836-08 என்பது போல ஆண்டை முதலில் வைத்த விடை. நாள் உறுதியாகாதபோது மாதத்தோடு நிறுத்திக்கொள்ள அந்த முறையே இடம் தருகிறது. முறை தவறு என்று நாளை ஒருவர் கண்டுபிடித்தால், மூலச் சரத்திலிருந்து மறுபடி கணக்குப் போட்டுக்கொள்வார்.