கீற்றுக் கூரை போச்சு. இன்னொரு படிக்கட்டு எங்கே?

கும்பகோணம் காசிராமன் தெரு. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. சத்துணவு சமையல்கூடத்தில் பிடித்த தீ, மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 பிஞ்சுகள் பலி! அரசு உதவி பெறும் பள்ளி உள்பட ஒரே கட்டிடத்தில் 3 பள்ளிகள். இறங்க ஒடுக்கமான ஒரே படிக்கட்டு. குழந்தை எங்கே ஓடும்?

அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடங்களில் கீற்றை இறக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. சத்துணவுக் கூடங்களுக்கு கேஸ் அடுப்பும் வந்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு, எல்லாப் பள்ளியிலும் தீயணைப்புக் கருவி வைக்கணும், ஆசிரியர்களுக்கு அதை இயக்கப் பயிற்சி தரணும் என்றது. சுவரில் தொங்குவது வேலை செய்யுமா? யார் பார்க்கிறார்கள்?

பெற்றோர்களே, பள்ளிக்குப் போனால் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். "சார், இறங்க இன்னொரு வழி எங்கே?" என்று கேளுங்கள். பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்றும் கேளுங்கள்.